"மெதுவா போங்க அண்ணே!" - வேளாங்கண்ணி ரோட்டில் சொல்ல முடியாமல் தவிக்கும் பயணிகள்

வேளாங்கண்ணி,

மாதாவைக் கும்பிடக் கிளம்பினார்கள். ஊர் வந்து சேரவில்லை.

2023-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந்தேதி, குருத்தோலை ஞாயிறு. கேரளாவில் திருச்சூர் பக்கத்தில் இருந்து சுமார் 50 பேருடன் வேளாங்கண்ணிக்கு வந்து கொண்டிருந்த பஸ், ஒரத்தநாடு அருகே ஒக்கநாடு கீழையூரில் அதிகாலை நேரத்தில் கவிழ்ந்தது. சிறுவன் உள்பட சிலர் பலியானார்கள். பலர் காயம் அடைந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர்.

2024-ம் ஆண்டு ஜனவரி 20-ந்தேதி. தூத்துக்குடி பக்கத்தில் இருந்து வந்த வண்டி, கிழக்கு கடற்கரை சாலையில் மனோரா அருகே பாலத்துச் சுவரில் மோதியது. 4 பேர் பலி.

2025-ம் ஆண்டு மே 4-ந்தேதி. திருவனந்தபுரம் பக்கத்து ஆட்கள் வந்த ஆம்னி வேன், திருத்துறைப்பூண்டி அருகே அரசு பஸ்சுடன் மோதியது. இதிலும் 4 பேர் பலி. அதே மாதம் 21-ந்தேதி செங்கிப்பட்டியில் அரசு பஸ்சும் வேனும் மோதிக் கொண்டன. வேனில் வந்தவர்கள் கர்நாடகத்துக்காரர்கள். அங்கேயும் உயிர்ப்பலி.

நாலு விபத்தும் நாலு ரோட்டில் நடந்தவை. ஆனால் நாலு வண்டியும் போக வேண்டிய ஊர் ஒன்றுதான். வேளாங்கண்ணி!

இந்த விபத்துகளில் தப்பு யார் மேல் என்பது போலீசும் கோர்ட்டும் சொல்ல வேண்டிய விஷயம். அதைப் பற்றி இங்கே பேச்சு இல்லை. மோதாமல், கவிழாமல், எப்படியோ ஊர் வந்து சேருகிற வண்டிகளைப் பற்றித்தான் பேச்சு. அப்படி வருகிற வண்டிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றுக்குள் நடப்பது எந்த போலீஸ் நிலையத்திலும் பதிவு ஆவதில்லை.

பஸ் நிலையத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்தாலே போதும். வேனில் இருந்து இறங்குகிற பெண்கள் முதலில் செய்கிற காரியம், கோவில் கோபுரத்தைப் பார்த்துக் கையெடுப்பதுதான். "அம்மா தாயே, கொண்டு வந்து சேர்த்துட்டே" என்று ஒரு பெருமூச்சு. வேண்டுதல் நிறைவேறியதற்குச் சொல்கிற நன்றி அல்ல அது. அது கோவிலுக்கு உள்ளே போன பிறகுதான். வாசலில் சொன்னது, டிரைவர் ஓட்டிய ஓட்டத்துக்கு!

இல்லாத பிரேக்கை மிதிக்கும் கால்

வேகமாகப் போகிற வண்டியில் உட்கார்ந்திருக்கிறவர்களைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். எல்லோருக்கும் வலது கால் தரையில் அழுந்தி இருக்கும். முன்னால் லாரி தெரியும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை மிதிக்கிறார்கள்! ஜன்னல் ஓரத்துக்காரர் முன்சீட்டுக் கம்பியை விட மாட்டார். தாய்மார்கள் குழந்தையின் தலையைத் தங்கள் மடிக்குள் அமுக்கிக் கொள்வார்கள். ஜெபமாலை உருளும். இந்துக்கள் வந்த வேனாக இருந்தால் முருகா, முருகா என்று முணுமுணுப்பு. முஸ்லிம் குடும்பங்களும் வேளாங்கண்ணிக்கு வருவது உண்டு. பயத்தில் எல்லா சாமிக்கும் ஒரே அவசரம்.

ஆனால் ஒருவரும் டிரைவரிடம் வாய் திறக்க மாட்டார்கள். இதுதான் ஆச்சரியம்.

கடையில் கால் கிலோ பருப்பில் 10 கிராம் குறைந்தால் சண்டை போடுகிறவர்கள் நம் ஆட்கள். கண்டக்டர் மீதி சில்லறை 2 ரூபாய் தரவில்லை என்றால் இறங்கும் இடம் வரை விடாமல் கேட்பார்கள். அதே பஸ்சில் உயிர் போகிற மாதிரி டிரைவர் ஓட்டினால் மட்டும் கப்சிப்!

ஏன் இப்படி?

காரணம் ஒன்றல்ல. பஸ்சில் முன்பக்கம் "டிரைவருடன் பேசாதீர்கள்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். டிரைவரின் கவனத்தைக் கலைக்காதே என்றுதான் அதற்கு அர்த்தம். "மெதுவாகப் போங்கள்" என்று சொல்லக்கூடாது என்று அர்த்தம் அல்ல. ஆனால் ஜனங்கள் இரண்டாவது அர்த்தத்தைத்தான் எடுத்துக் கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது, டிரைவருக்குக் கோபம் வந்துவிடுமோ என்ற பயம். சொன்னால் ரோஷத்தில் இன்னும் ஒரு மிதி மிதிப்பான் என்பது பலருடைய அனுபவம். "நான் 20 வருஷமா ஓட்டுறேன் சார், எனக்குத் தெரியாதா?" என்று ஒரு திருப்பு திருப்பினால், கேட்டவர் அதற்கு மேல் பேச முடியாது. அதிலும் டிரைவர் திரும்பிப் பார்த்துக் கொண்டே பதில் சொல்வார். அந்த நேரத்தில் ரோட்டைப் பார்ப்பது யார்?

பஸ்சாக இருந்தால் கண்டக்டரின் கிண்டல் வேறு. "அவ்வளவு பயமா இருந்தா ஆட்டோவுல போறதுதானே பெரியவரே!" பஸ் முழுக்கச் சிரிக்கும். சிரிக்கிறவர்களுக்கும் உள்ளுக்குள் உதறல்தான். இருந்தாலும் சிரிப்பார்கள். மானம் போகிற பயம், உயிர் போகிற பயத்தை ஜெயித்துவிடுகிறது!

வாடகை வேனில் கதையே வேறு. வண்டி பேசியவர் குடும்பத்துப் பெரியவர். அவர் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவர் சொல்லாதபோது மருமகள் எப்படிச் சொல்வாள்? பின்னால் இருந்து "மாமா, கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்களேன்" என்று ஒரு குரல் வரும். பெரியவர் காதில் விழாத மாதிரி இருப்பார். சொன்னால் டிரைவர் முகம் சுளிப்பான், திரும்புகாலுக்கும் இவன்தானே ஓட்ட வேண்டும் என்று அவருக்கு யோசனை. சில இடங்களில் பெரியவரே தூங்கிப் போயிருப்பார். அது இன்னும் மோசம். எதனால் என்று பிறகு பார்க்கலாம்.

தனியாக ஷேர் ஆட்டோவில் போகிற பெண்ணின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். "நிறுத்துங்க, இறங்கிக்கிறேன்" என்று சொல்லலாம். இறங்குகிற இடம் சவுக்குத் தோப்பாக இருந்தால்? மணி ராத்திரி 8-ஐ தாண்டியிருந்தால்? வேகமா, இருட்டா என்று வரும்போது பல பெண்கள் வேகத்தையே பொறுத்துக் கொள்கிறார்கள்.

ரோடு அல்ல, வாய்க்கால் கரை!

வெளியூர் டிரைவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. காவிரி டெல்டாவில் ரோடு என்பது பாதி இடங்களில் ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையும்தான். தஞ்சாவூரில் இருந்து திருவாரூர், நாகப்பட்டினம் வருகிற வழியில் வெண்ணாறு, வெட்டாறு, ஓடம்போக்கி என்று ஆறுகளும், அவற்றில் இருந்து பிரிகிற வாய்க்கால்களும் எண்ணி முடியாது. ஆறு வளைந்தால் ரோடும் வளையும். மதகு வந்தால் ரோடு குறுகும். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் ஆளை மூழ்கடிக்கிற சேறு நிறைந்த வயல். ஒரு சக்கரம் மண்ணில் இறங்கினால், ஏற்றுவதற்கு அங்கே இடம் கிடையாது.

பெங்களூரில் இருந்தும் சென்னையில் இருந்தும் நாலு வழிச்சாலையில் பறந்து பழகிய டிரைவர், அதே வேகத்தோடு இந்த ரோட்டுக்குள் நுழைகிறார். முதல் 10 வளைவைச் சமாளித்துவிடுவார். பதினொன்றாவது வளைவில் என்ன இருக்கும் என்று உள்ளூர்க்காரனுக்கே தெரியாது.

நெல் கிடக்கலாம்! அறுவடைக் காலத்தில் ரோட்டின் பாதியை அடைத்து நெல்லைக் காயப்போடுவது டெல்டாவில் வழக்கம். காய வைக்கக் களம் போதாததால் விவசாயிகளுக்கு வேறு வழி இல்லை. நெல் மீது வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் கருங்கல்லை வரிசையாக வைத்துவிடுவார்கள். சாயங்காலம் நெல்லை வாரிக்கொண்டு போகிறவர்கள், கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவதும் உண்டு. ராத்திரி 70 கி.மீ. வேகத்தில் வருகிறவனுக்கு அந்தக் கல் தெரிகிறபோது காலம் கடந்திருக்கும்.

பின்னால் சிவப்பு விளக்கு இல்லாத டிராக்டர். ரோட்டையே அடைத்துக்கொண்டு நகரும் அறுவடை மெஷின். கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டை ஏற்ற வரிசையாக நிற்கும் லாரிகள். மழைக்காலத்தில் தரை ஈரமாக இருப்பதால் தார் ரோட்டில் வந்து படுத்துக்கொள்ளும் மாடுகள். இவ்வளவும் போதாது என்று, ஆகஸ்டு கடைசியில் இருந்து காவி உடுத்தி நடந்து வருகிற பக்தர் கூட்டம். கைக்குழந்தையோடு வருகிறவர்களும் இருப்பார்கள். வெயிலுக்குப் பயந்து ராத்திரியில்தான் அதிகம் நடப்பார்கள். வேனுக்குள் இருக்கிறவருக்காவது சுற்றிலும் தகரம் இருக்கிறது. நடந்து வருகிறவருக்கு அதுவும் கிடையாது.

ஆகஸ்டு 29-ந்தேதி கொடி ஏறினால் செப்டம்பர் 8-ந்தேதி மாதா பிறந்தநாள் வரைக்கும் திருவிழா. 7-ந்தேதி ராத்திரி பெரிய தேர் பவனி. அந்த நாட்களில் அரசு சிறப்பு பஸ்கள் விடுகிறது. ரெயிலும் உண்டு. நாகப்பட்டினத்தில் இருந்து வேளாங்கண்ணிக்கு 2010-ம் ஆண்டு ரெயில் பாதை வந்துவிட்டது. ஆனாலும் வீட்டு வாசலில் ஏறி கோவில் வாசலில் இறங்க வேண்டும் என்றால் வேன்தான். அண்டா, ஸ்டவ், அரிசி மூட்டை, பாய், தலையணை, மொட்டை போட வேண்டிய குழந்தை, 14 பேர் வேனில் 19 பேர். ஏற்றிய ஒவ்வொரு கூடுதல் ஆளுக்கும் 200 ரூபாய் அபராதம் என்று சட்டம் இருக்கிறது. ஆள் ஏறியதும் வண்டியின் பிரேக் பிடிக்கும் தூரம் கூடிப் போகிறது என்பதுதான் அதைவிடப் பெரிய அபராதம்.

டிரைவர் கெட்டவரா?

பயணிகளைக் கேட்டால் டிரைவரைத் திட்டுவார்கள். அதோடு விஷயம் முடிந்துவிடாது. டிரைவரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

உள்ளூர் பஸ்சில் ஓட்டுகிறவருக்கு டைமிங்தான் எஜமான். முன்னால் போகிற வண்டி இரண்டு நிமிஷம் லேட்டாக எடுத்தால், இவருடைய பயணிகளை அது அள்ளிக்கொண்டு போய்விடும். பின்னால் வருகிற வண்டி முந்தினால் கலெக்ஷன் படுத்துவிடும். கலெக்ஷன் படுத்தால் பேட்டா குறையும். ஸ்டாப்பிங்கில் கைகாட்டுகிற கிழவியை விட்டுவிட்டுப் போவதும், அடுத்த ஸ்டாப்பிங்கில் முன் வண்டியை வலது பக்கமாக ஏறி மறிப்பதும் இதனால்தான். பஸ் நிலையத்தில் இரண்டு கண்டக்டர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்காதவர் யார்? அந்தச் சண்டையைத்தான் அரை மணி நேரத்துக்கு முன்பு ரோட்டில், 60 பேரை ஏற்றிக்கொண்டு போட்டிருக்கிறார்கள்.

வாடகை வேன் டிரைவர் கதை இன்னும் பரிதாபம்.

பெங்களூரில் இருந்து வேளாங்கண்ணிக்கு 400 கி.மீ.க்கு மேல். சென்னையில் இருந்து 300 கி.மீ.க்கு மேல். சனிக்கிழமை பகலெல்லாம் வேறு சவாரி ஓட்டியவர், ராத்திரி 9 மணிக்கு இந்தக் குடும்பத்தை ஏற்றுகிறார். விடிகாலை பூசைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று உத்தரவு. வழியில் ஒரு டீ. விடிந்ததும் குடும்பம் லாட்ஜில் ரூம் எடுத்துத் தூங்குகிறது. டிரைவருக்கு ரூம் உண்டா? பெரும்பாலும் கிடையாது. வேனின் நடுச்சீட்டில், ஜன்னலைத் திறந்துவைத்து, கொசுவும் கடல் வெயிலும் அடிக்க, செய்தித்தாளை முகத்தில் போட்டுப் படுத்திருப்பார். இரண்டு மணி நேரம் கண்ணை மூடினால் அதிகம். அதற்குள், "டிரைவர், வேன்ல இருந்து பால் பாட்டிலை எடுத்துக் குடுங்க" என்று யாராவது தட்டுவார்கள். அன்று ராத்திரியே திரும்புகால்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று 1961-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் சாதாரணமாக வேலை வாங்கலாம் என்று, 2025-ம் ஆண்டு வரை அமலில் இருந்த அந்தச் சட்டம் சொன்னது. ஒரே ஒரு வேன் வைத்து, ஒரே ஒரு டிரைவரை வைத்து ஓட்டுகிற ஓனரிடம் போய் இதைச் சொன்னால் அவர் சிரிப்பார்.

தூக்கத்தைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருக்கிறவனுடைய கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லி கிராம் சாராயம் ஏறியவனுடைய கையும் கண்ணும் மாதிரிதான் வேலை செய்யும் என்று ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி செய்து 1997-ம் ஆண்டு வெளியிட்டார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் 30 மில்லி கிராமைத் தாண்டினாலே குடித்துவிட்டு ஓட்டிய குற்றம். முதல் தடவைக்கே 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் அபராதம், இல்லாவிட்டால் இரண்டும். காலையில் எழுந்து மறுநாள் விடிகாலை வரை தூங்காமல் ஓட்டுகிறவர் ஒரு சொட்டுக்கூட குடிக்காதவராக இருக்கலாம். ஆனால் அவர் நிலைமை குடித்தவரைவிட மோசம். அதை ஊதிப் பார்க்கிற கருவி எந்த போலீஸ்காரரிடமும் இல்லை!

80 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி ஒரு வினாடியில் 22 மீட்டர் ஓடுகிறது. டிரைவர் 3 வினாடி கண் அசந்தால் 66 மீட்டர். அந்த 66 மீட்டருக்கு வண்டியை ஓட்டுவது யாரும் இல்லை. முன்சீட்டில் இருக்கிற பெரியவர் தூங்கக்கூடாது என்று சொன்னதன் காரணம் இதுதான். பக்கத்தில் ஆள் பேச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தால் டிரைவரின் கண்ணைக் கவனிக்க முடியும். கொட்டாவி அதிகமாகிறதா, வண்டி வெள்ளைக்கோட்டைத் தாண்டித் தாண்டி வருகிறதா, எதிர் விளக்குக்கு டிம் அடிக்க மறக்கிறாரா என்று பார்க்கலாம். அப்படித் தெரிந்தால் அதட்ட வேண்டியதில்லை. "தம்பி, எனக்கு ஒண்ணுக்குப் போகணும், அந்த டீக்கடையில நிறுத்துப்பா" என்றால் எந்த டிரைவரும் மறுக்க மாட்டார். நிறுத்திய இடத்தில் கால் மணி நேரம் அவரைச் சீட்டில் சாய்ந்து தூங்கவிட்டால் கோவில் எங்கேயும் ஓடிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

"இடிச்சாத்தானே கேஸ்?" என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு!

யார் மேலும் மோதாவிட்டாலும், பொது ரோட்டில் உயிருக்கு ஆபத்து வருகிற மாதிரி தாறுமாறாக ஓட்டினாலே குற்றம்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 279-வது பிரிவு. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்துவிட்டதால் இப்போது 281-வது பிரிவு. 6 மாதம் வரை ஜெயில். உயிர்ப்பலி ஆகிவிட்டால் 106-வது பிரிவு பாயும். பழைய சட்டத்தில் அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்கு அதிகபட்சம் 2 ஆண்டு. புதிய சட்டத்தில் 5 ஆண்டு.

இது தவிர மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவு. ஆபத்தான முறையில் ஓட்டுவது என்று அதற்குப் பெயர். 2019-ம் ஆண்டு இதைத் திருத்தி, செல்போனைக் கையில் பிடித்துப் பேசிக்கொண்டு ஓட்டுவது, சிவப்பு விளக்கைத் தாண்டுவது, விதியை மீறி முந்துவது எல்லாவற்றையும் இதற்குள் கொண்டு வந்தார்கள். முதல் தடவைக்கு ரூ.1,000 முதல் ரூ.5 ஆயிரம் வரை அபராதமும், ஜெயிலும் உண்டு.

சட்டம் இருக்கிறது. புகார் கொடுக்கத்தான் ஆள் இல்லை. இறங்கியதும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடுகிறோம். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, கடை திறக்க வேண்டும், பிள்ளை பள்ளிக்கூடத்தில் காத்திருக்கும். வண்டி நம்பர், இடம், நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு 100 அல்லது 112-க்கு ஒரு போன் போட இரண்டு நிமிஷம் போதும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்று ஒரு எண் இருக்கிறது. ஒருவர் சொன்னால் "யாரோ ஒருத்தர்" என்று ஒதுக்கிவிடலாம். ஒரே வண்டியைப் பற்றி ஒரே நாளில் ஐந்து பேர் சொன்னால் ஒதுக்க முடியாது.

2022-ம் ஆண்டு நாடு முழுக்க ரோட்டு விபத்தில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். மத்திய அரசின் கணக்கு இது. அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதல் இடம். 64 ஆயிரத்து 105 விபத்துகள். சாவில் உத்தரபிரதேசத்துக்கு அடுத்தபடியாக இரண்டாவது இடம். 17 ஆயிரத்து 884 பேர்! நாடு முழுவதும் நடந்த சாவுகளில் 100-க்கு 71 அதிவேகத்தால் என்று அதே கணக்கு சொல்கிறது.

கென்யாவில் ஒட்டிய ஸ்டிக்கர்

வாய் திறந்து சொன்னால் மட்டும் வேகம் குறையுமா என்று கேட்கலாம். குறையும். நிரூபித்துக் காட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் அல்ல, ஆப்பிரிக்காவில்!

கென்யா நாட்டில் 'மட்டாட்டு' என்று ஒரு வண்டி ஓடுகிறது. நம் ஊர் வேன் மாதிரி, 14 பேர் உட்காரலாம். டிரைவர்கள் நம்மவர்களுக்கு அண்ணன்மார். பறக்கிறது, முந்துகிறது, கவிழ்கிறது. அங்கேயும் பயணிகள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அமெரிக்காவில் வாஷிங்டன் நகரில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் இரண்டு பொருளாதார ஆசிரியர்கள், ஜேம்ஸ் ஹபியாரிமனா, வில்லியம் ஜாக் என்று பெயர், 2008-ம் ஆண்டு வாக்கில் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளில் உள்பக்கமாக ஸ்டிக்கர் ஒட்டினார்கள். "டிரைவர் தாறுமாறாக ஓட்டினால் சும்மா இருக்காதே, எதிர்த்துச் சொல்" என்பதுதான் ஸ்டிக்கரின் சாரம். வேறு ஒன்றும் செய்யவில்லை. ரோட்டை அகலப்படுத்தவில்லை. போலீசை நிறுத்தவில்லை. ஸ்டிக்கரைக் கிழிக்காமல் வைத்திருக்கும் டிரைவர்களுக்கு வாரா வாரம் குலுக்கலில் பரிசு என்று மட்டும் அறிவித்தார்கள். நல்ல யோசனை!

என்ன ஆயிற்று? ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகளில், ஆள் அடிபட்டோ இறந்தோ இன்சூரன்ஸ் பணம் கேட்டு வந்த மனுக்கள் பாதிக்குமேல் குறைந்தன. நம்ப முடியாமல், இன்னும் பெரிய அளவில் மறுபடி செய்து பார்த்தார்கள். 2015-ம் ஆண்டு வெளிவந்த அந்த முடிவில், இன்சூரன்ஸ் மனுக்கள் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்திருந்தன.

ஸ்டிக்கர் செய்த வேலை இதுதான். பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு, பக்கத்தில் இருக்கிறவனும் பயப்படுகிறான் என்று தெரிந்தது. ஒருவன் வாய் திறந்தால் மற்றவர்கள் சேர்ந்து கொண்டார்கள். 14 பேர் ஒரே குரலில் சொன்னால் எந்த டிரைவரும் காலை எடுப்பான்.

நம் பஸ்களில் "டிக்கெட் வாங்காமல் பயணம் செய்யாதீர்", "புகை பிடிக்காதீர்", "எச்சில் துப்பாதீர்" என்று எவ்வளவோ எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாம் பயணி செய்யக்கூடாதவை! பயணி செய்யலாம் என்று ஒரு வரி எழுத இடம் இல்லாமலா போய்விட்டது? ஸ்டிக்கர் விலை டிக்கெட் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

வெள்ளை போர்டு வண்டியா? உஷார்!

கடைசியாக ஒரு விஷயம். வண்டி பேசும்போது வாடகை எவ்வளவு, டீசல் யார் போடுவது, டிரைவர் பேட்டா எவ்வளவு என்று மூன்று தடவை பேரம் பேசுகிறோம். நம்பர் பிளேட்டைப் பார்ப்பதில்லை.

மஞ்சள் போர்டு என்றால் வாடகைக்கு ஓட்ட பர்மிட் உள்ள வண்டி. வெள்ளை போர்டு சொந்த உபயோகத்துக்கு மட்டும். 500 ரூபாய் குறைகிறதே என்று தெரிந்தவர் மூலம் வெள்ளை போர்டு வண்டியைப் பிடித்துக்கொண்டு புறப்படுகிறவர்கள் நிறைய. அப்படிப்பட்ட வண்டி விபத்தில் சிக்கினால், "இது வாடகைக்கு ஓடிய வண்டி, பாலிசி நிபந்தனையை மீறிவிட்டார்கள்" என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கப் பார்க்கும். சொந்தக் காருக்குக் கட்டாயமாக எடுக்கிற குறைந்தபட்ச பாலிசி மட்டும் இருந்தால், உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதில் பாதுகாப்பே கிடையாது. நஷ்டஈடு கேட்டு வருஷக்கணக்கில் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். அந்த 500 ரூபாய் அப்போது ஞாபகத்துக்கு வரும்.

அடிபட்டுவிட்டால் சிகிச்சைக்கு வழி இருக்கிறது. 2021-ம் ஆண்டு டிசம்பரில் தமிழக அரசு 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்று ஒரு திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். கேரளாக்காரர், கர்நாடகக்காரர் என்று பாகுபாடு கிடையாது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் உண்டு. வெளிமாநிலத்தில் இருந்து வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 108-க்கு போன் போட்டால் ஆம்புலன்ஸ் வரும். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்கிறவரைப் போலீசார் சாட்சி சொல்ல வா என்று வற்புறுத்தக்கூடாது என்று 2019-ம் ஆண்டு திருத்தத்தில் சட்டமே வந்துவிட்டது. அதனால் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை.

வேளாங்கண்ணியில் லாட்ஜ் வைத்திருப்பவர்கள் காதிலும் ஒரு வார்த்தை போட வேண்டும். குடும்பத்துக்கு ரூம் கொடுக்கிறார்கள். வண்டி நிறுத்த இடம் கொடுக்கிறார்கள். அந்த வண்டியை ராத்திரி 400 கி.மீ. திருப்பி ஓட்டப் போகிறவருக்கு ஒரு பாயும், ஒரு மின்விசிறியும், குளிக்க ஒரு வாளித் தண்ணீரும் உள்ள ஒரு பொது அறை கட்டிக் கொடுத்தால் பெரிய செலவு ஆகாது. பக்தர்கள் கூட்டம் கூட்டமாகத் தங்குகிற ஊரில், டிரைவர்கள் மட்டும் வேன் சீட்டில் சுருண்டு கிடக்கிறார்கள்.

பகல் 3 மணிக்குக் கடற்கரைப் பக்கம் வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் போனால் பார்க்கலாம். கதவைத் திறந்துபோட்டு, காலை வெளியே நீட்டி, வரிசையாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். சாயங்காலப் பூசை முடிந்ததும் மெழுகுவர்த்தி, சுண்டல் பொட்டலம், பிளாஸ்டிக் குடத்தில் கடல் தண்ணீர் சகிதம் குடும்பம் வந்து நிற்கும். "என்ன டிரைவர், கிளம்பலாமா?" அவர் எழுந்து, பாட்டில் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு, சாவியைத் தேடுவார்.